இரண்டு சேவு டப்பாக்கள்

தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் ஊர் சிவகாசி தூங்கும். பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். வசதி இருக்கிறவர்கள் கொடைக்கானல், மூணாறு என்று காரில் கிளம்பிப் போவார்கள். எங்களைப்போல ஆட்கள் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, ஆற்று மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசு கிப்ட் பாக்ஸ் அடுக்குகிற வேலை எனக்கு. கல்யாணமான வருசத்திலிருந்து அடுக்குகிறேன். நான் அடுக்கின பெட்டி போகாத ஊர் இருக்காது. நான் போன ஊர் எது என்று கேட்டால் மதுரைக்கு அப்பால் சொல்லத் தெரியாது.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு தீபாவளிக்கு மறுநாள் என் மகன் மலை ஏற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனான். வனக்காவலர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். மைல்கணக்காக நடக்கிற தேர்வு ஒன்று உண்டாம். அதற்காக ஆனைக்குட்டம் அணைக்கரையில் விடிய விடிய நடந்து பழகிக் கால் நகம் இரண்டு கழன்றுபோனது. அதிலும் தேறிவிட்டான். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி.

"ஆளு மேல கேசு எதுவும் இருக்கான்னு பாப்பாங்கம்மா. இருந்தா வேலை கிடையாது. நம்ம மேல என்ன இருக்கு, ஒரு மாசத்துல ஆர்டர் வந்துரும்" என்றான்.

அந்த வேலை எங்களுக்கு எம்புட்டுப் பெரிசு என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் தீப்பிடித்து இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோயின. உயிர் பிழைத்ததே பெரிது. விரல்கள் இப்போதும் முழுசாக மடங்காது, சோற்றை உருட்டித்தான் வாயில் போடுவார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று மாரியம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் பிள்ளை அந்த மருந்து அறைக்குள் கால் வைக்கக் கூடாது. வேறு எதையும் அவளிடம் இதுவரை நான் கேட்டதில்லை.

அவனுடைய கூட்டாளி காரைக் கொடுத்தான். நானும் வீட்டுக்காரரும் மகனும், காலேஜில் படிக்கிற மகளும் கிளம்பினோம். சத்தியமங்கலம் போய், திம்பம் மலை ஏறி, பந்திப்பூர், முதுமலைக் காடுகள் வழியாகக் கூடலூரில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "நாளைக்கு நான் வேலை பாக்கப்போற இடம் எப்படி இருக்கும்னு நீங்களும் பாருங்க" என்று மகன் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதை மறைக்க, "காட்டுல என்ன இருக்கு, மரந்தான இருக்கும்" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கிப்ட் பாக்ஸ் கொண்டுபோவோம். அடுத்த ஊர்க்காரர்கள் பழமும் பூவும் வாங்கிப் போகிற மாதிரி. கல்யாண வீட்டுக்கு, டாக்டருக்கு, பிள்ளையின் வாத்தியாருக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். வெறுங்கையோடு போனால் நம்மை நாமே மதிக்காத மாதிரி இருக்கும். அதிலும் தங்கை பிள்ளைகள் இரண்டும் போனில், "பெரியம்மா, இங்க காட்டு ஓரம்னு யாரும் வெடியே போட மாட்டாங்க, நீங்களாச்சும் கொண்டாங்க" என்று ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. சிவகாசியில் ஒரு பெரியம்மாவை வைத்துக்கொண்டு ஒரு மத்தாப்புக்கு ஏங்குதுகளே என்று எனக்கு ஆறவில்லை.

மகன் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தான். "எம்மா, பட்டாசு கிட்டாசு எதுவும் எடுக்காத. புலி இருக்கிற காடு அது. செக்போஸ்ட்ல சோதனை போடுவாங்க."

சரி என்று தலையாட்டினேன். என் புத்தி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாத்தூர்ச் சேவு வாங்கி ஒரு தகர டப்பாவில் நிரப்பினேன். அதே மாதிரி இன்னொரு டப்பாவில் வெடியை அடுக்கினேன். சத்தம் போடுகிற வெடி அதிகம் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். விடியற்காலையில் அடுப்படியில் உட்கார்ந்து அடுக்கி, மூடியை அழுத்தி, என் காலடியில் வைத்துக்கொண்டேன். சேவு டப்பா பின்னால் டிக்கியில் துணிப்பைகளோடு போனது.

மலையடிவாரத்தில் முதல் செக்போஸ்ட். காக்கி உடுப்புப் போட்ட ஒருத்தர் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கிவைத்துக்கொண்டார். "மது, பட்டாசு, வேற ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றான் மகன். அப்படி எதுவும் இல்லை என்று எழுதின நோட்டை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டான்.

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்கலாம். ஐயா, தெரியாமல் வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தால் ரெண்டு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகன் முன்னால் அசிங்கப்பட வேண்டுமே என்ற ஒரே காரணம்தான். வண்டி நகர்ந்தது.

அதற்கப்புறம் நான் பார்த்த மலையை மலை என்று சொல்ல மாட்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்குக் காலடியில் கனம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டப்பா உருளாமல் இருக்க இரண்டு பாதத்தாலும் இடுக்கிக்கொண்டேன். மகள், "எம்மா, கீழ பாரு, மேகம் நமக்குக் கீழ இருக்கு" என்றாள். பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. நான் நினைத்துக்கொண்டிருந்தது, டப்பா வெயிலில் சூடேறுமா, புஸ்வாணப் பூச்சட்டிக்குப் பக்கத்தில் எதை வைத்தேன், உரசுமா என்று.

தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எங்கே எறிய? காய்ந்த புல்லில் விழுந்து ஒரு பொறி பட்டால் காடே போய்விடும். ஏதாவது மிருகம் வாயில் வைத்தால் அதன் பாவம் வேறு. பட்டாசை எங்கே வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் கொண்டுவந்து வைத்திருந்தேன். வைத்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஆசனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மகனும் மகளும் கொஞ்சம் தள்ளிப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, காலடியில இருக்கிறது சேவு இல்ல. வெடி."

அவர் டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "உனக்குக் கிறுக்கா?" என்றார். அதற்குப் பிறகு, "வாய மூடிக்கிட்டு வா. கூடலூர் போயிருவோம்" என்றார். அவ்வளவுதான் அந்த மனுசனின் யோசனை. பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் அவருக்கு.

பந்திப்பூர்க் காட்டில் சாலையோரம் மான்கள் மந்தையாக நின்றன. காட்டுமாடு ஒன்று, எங்கள் ஊர் லோடு வண்டி உயரத்துக்கு, அசையாமல் நின்று பார்த்தது. மகன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தான். இது இன்ன மரம், இந்தத் தடம் யானை போனது, இங்கே ஹாரன் அடிக்கக் கூடாது. அவன் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அதைக் கேட்கக் கேட்க நான் டப்பாவை இன்னும் இறுக இடுக்கிக்கொண்டேன். மாரியம்மா, இன்னும் ஒரு செக்போஸ்ட் தாண்டவைத்துவிடு, அடுத்த வருசம் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டினேன். நெருப்பை ஒளித்துவைத்துக்கொண்டு நெருப்புச் சட்டிக்கு வேண்டிக்கொண்ட பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

பந்திப்பூர் தாண்டி, திரும்பத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற முதுமலைச் செக்போஸ்டில் அவர்கள் சோதனையே போடவில்லை. அதுதான் கொடுமை. நோட்டில் கையெழுத்து வாங்கின காவலர், "எந்த ஊருங்க தம்பி?" என்று கேட்டார். மகன் ஊரைச் சொல்லி, வனக்காவலர் வேலைக்குத் தேர்வாகியிருப்பதையும் கூச்சத்தோடு சொன்னான். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம டிபார்ட்மெண்டு. இறங்குங்க, டீ குடிச்சுட்டுத்தான் போகோணும்" என்று ஆபீஸ் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே ரேஞ்சர் இருந்தார். அவரும் எழுந்து மகனுக்குக் கை கொடுத்தார்.

நான் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து வாசற்படி ஏறும்போது மகளின் குரல் கேட்டது. "சார், எங்க ஊரு பக்கத்துச் சேவு. சாப்பிட்டுப் பாருங்க."

என் வளர்ப்பு அது. யாராவது டீ கொடுத்தால் பதிலுக்கு நம் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கார் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்ட டப்பாவை எடுத்து வந்துவிட்டாள். நான் கையை நீட்டுவதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள்.

மேலே மடித்து வைத்திருந்த பேப்பரை ரேஞ்சர் விலக்கினார். கம்பி மத்தாப்புப் பெட்டி தெரிந்தது. அவர் மகனைப் பார்த்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் கை கொடுத்த மனுசன் அவர். "யாரு கொண்டுவந்தது இது?" என்று கேட்டார்.

மகன் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெடிமருந்தோட காப்பகத்துக்குள்ள வர்றதே குற்றம். பரீட்சைக்குப் படிச்சிருப்பியே. பழத்துக்குள்ள வெடிய வச்சுப் போடுறான், குட்டி யானை வாய் கிழிஞ்சு சோறு தண்ணி இல்லாம சாகுது. அத நாங்க தூக்கி அடக்கம் பண்றோம். இங்க வெடி எதுவும் இல்லன்னு கையெழுத்துப் போட்டது நீ. வண்டி ஓட்டினது நீ. கேஸ் உம் பேர்லதான் போகும்."

"ஐயா, நான்தான் வச்சேன்" என்றேன். "எந் தங்கச்சி பிள்ளைகளுக்குன்னு நான்தான் வச்சேன். அவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

ரேஞ்சர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "உட்காருங்கம்மா. எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன் நாட்டு வெடியோட வந்தான். அவங்க அம்மாவும் இதத்தான் சொன்னாங்க."

பொய் சொன்னால் நம்புகிற உலகம், உண்மையைச் சொன்னால் தாய்ப்பாசம் என்கிறது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் திறக்காத வாய், அன்றைக்கென்று பார்த்துத் திறந்தது. வெந்த இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "இல்ல சார், நான்தான் வச்சேன். எம் பேர எழுதுங்க" என்றார்.

கெட்டது குடி. மகள் அழுதுகொண்டே, "நான்தான் சார் எடுத்துட்டு வந்தேன்" என்று அவள் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள். ரேஞ்சர் பேனா மூடியைக் கழற்றினார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் யாரை எழுதுறது? வண்டி ஓட்டினவனைத்தான் எழுத முடியும்" என்றார்.

அந்தப் பேனா முனையில் இருந்தது என் மகனின் வேலை. பேர் தாளில் ஏறினால் ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் அவன் சிவகாசிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவனுக்கு இருக்கிறது அவன் அப்பன் பார்த்த வேலை. என்னால் என்ன செய்ய முடியும்? அழலாம். காலில் விழலாம். அதையெல்லாம் ஏற்கெனவே எத்தனையோ அம்மாக்கள் செய்திருப்பார்கள் அங்கே.

சட்டென்று எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஐயா, நீங்க ஒவ்வொண்ணா எடுங்க. நான் பாக்காமச் சொல்றேன். மேல கம்பி மத்தாப்பு ரெண்டு பெட்டி, குறுக்க வச்சிருக்கும். கலர் ஒண்ணு, சாதா ஒண்ணு. அத எடுத்தா ஒரு அட்டை. அட்டைக்குக் கீழ நடுவுல பூச்சட்டி அஞ்சு, வாய் மேல பாத்து நிக்கும். சுத்தி தரைச்சக்கரம், படுக்க வைக்காம ஓரத்துல செருகியிருப்பேன். சந்துல பென்சில் மத்தாப்பு நாலு. ஆடாம இருக்கப் பேப்பரை நீளமா மடிச்சு வச்சிருக்கும், மடிப்பு உள்பக்கம் இருக்கும். வெளிப்பக்கம் வச்சா பிரிஞ்சுரும். அடியில குருவி வெடி ஒரே பாக்கெட். அதுக்கு மேல துணி போட்டிருக்கும். எம் பழைய சேலை, பச்சை."

எனக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் ரேஞ்சர், "திரும்புங்கம்மா" என்றார். பச்சைத் துணி அவர் கையில் இருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, தரைச்சக்கரத்த எதுக்குப் படுக்க வைக்காமச் செருகினீங்க?" என்று கேட்டார். அவர் முழித்தார்.

"சரிம்மா. நீங்கதான்" என்றார் ரேஞ்சர். குற்றவாளி என்று ஒத்துக்கொண்டதற்கு அப்படி நிம்மதிப்பட்டவள் உலகத்தில் இருக்க மாட்டாள். எனக்குக் கண்ணீர் வந்தது.

காவலர் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து எல்லாவற்றையும் அதில் போட்டு அமுக்கினார். ஒரு சொட்டு ஈரம் படாமல் காப்பதற்காகவே கூலி வாங்குகிறவள் நான், பார்த்துக்கொண்டு நின்றேன். அபராதத்தோடு முடித்துவிடுவதாக ரேஞ்சர் சொன்னார். ஆனால் நான் என் வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எழுதுவீங்களா?"

அஞ்சாவது வரைக்கும் படித்தவள்தான். பேனாவை வாங்கினேன். முதல் வார்த்தைக்கே வெகுநேரம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் மகன் பக்கம் தாளைத் தள்ளினார். "அம்மா சொல்லட்டும், நீ எழுது. நாளைக்கு நீ பாக்கப்போற வேலைதான் இது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

மகன் உட்கார்ந்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். சிவகாசியிலிருந்து வருகிற நான், என் தங்கை பிள்ளைகளுக்காக, இன்னின்ன பட்டாசுகளை, ஒரு தகர டப்பாவில். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. "என் மகனுக்குத் தெரியாமல் வண்டியில் வைத்தேன்" என்றேன்.

'என் மகனுக்கு' வரைக்கும் எழுதினான். பேனா நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? உனக்குத் தெரியாதுதான?" என்றார் ரேஞ்சர்.

மகன் தலையைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பெற்றவளுக்குத் தெரியாதா அந்தப் பார்வை? அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்தே தெரிந்திருக்கிறது. அடிவாரத்தில் இல்ல சார் என்று சொன்னபோது தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பொய் சொல்ல முடியாமல் என் பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறான். நான் என்ன சொல்கிறேனோ அதை எழுதுவான்.

"எழுதுய்யா" என்றேன். "தெரியாமல்னு எழுது."

எழுதினான். "தெரியாது சார்" என்று வாயாலும் சொன்னான். முழுசையும் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி வண்டியில் ஏறினோம். சாலையோரம் யானைகள் குட்டியோடு நின்றதாக மகள் பிற்பாடு சொன்னாள். நான் பார்க்கவில்லை. கூடலூர் நெருங்கும்போது மகன் முன்னால் பார்த்துக்கொண்டே, "விடியக்காலையில நீ அடுக்குறப்ப பாத்தேம்மா. பிள்ளைக கேட்டதுக்குத்தான கொண்டு போறன்னு விட்டுட்டேன். உன்னையப் போட்டு ஏசவும் மனசு வரல" என்றான். தங்கை பிள்ளைகள் ஓடிவந்து வெடி எங்கே பெரியம்மா என்று கேட்டபோது, டிக்கியிலிருந்து சேவை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாசத்தில் ஆர்டர் வந்துவிட்டது. அவன் மேல் எதுவும் இல்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

வேலையில் சேரப் புறப்பட்ட அன்றைக்குக் காக்கி உடுப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எங்கள் காலில் விழுந்து எழுந்தான். நெற்றியில் இருக்கன்குடித் திருநீறு பூசிவிட்டேன். "சர்க்கார் வேலைக்குப் போறான். அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

எந்தத் தாயும் அந்த நேரத்தில் சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது. உண்மையா இரு, பொய் சொல்லாத என்று. எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. அவனும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

"நேரா நேரத்துக்குச் சாப்பிடுய்யா" என்றேன்.